மழையில் நனையாத வண்டி துருப்பிடித்த கதை

போன டிசம்பர் கடைசி சனிக்கிழமை. செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியாச்சு. நாங்க எட்டு பேர் மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தோம். எங்க முன்னாடி நீலக் கலர் தார்ப்பாய்க்குள்ள பழைய பாஹா வண்டி. ஏப்ரல்ல போர்த்தினது, ஒன்பது மாசமா யாரும் தொடல. புது வண்டி இன்னும் வெல்டிங்ல இருக்கு. அது ரெடி ஆகிற வரைக்கும் செகண்ட் இயர் பசங்க இதுல ஓட்டிப் பழகட்டும்னு வெளியே எடுக்க வந்திருந்தோம்.

கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினதும் முதல்ல வந்தது ஒரு வாடை. ஈரத் துணியை பக்கெட்ல மறந்துட்டு ஊருக்குப் போயிட்டு வந்தா வருமே, அதே வாடை. அடுத்து ஒரு அணில் ஓடிச்சு. அப்புறம்தான் வண்டி கண்ணுக்குத் தெரிஞ்சது. கறுப்பு பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி இருந்தது. வெல்டு ஓரமெல்லாம் ஆரஞ்சுக் கலர். ஸ்டீயரிங்கைத் திருப்பினா கரகரன்னு பாதியில நின்னுடுச்சு. ஸ்டார்ட்டர் கயிற்றை ரெண்டு பேர் இழுத்தும் இன்ஜின் அசையல.

எங்களுக்குப் புரியாத விஷயம் ஒண்ணுதான். தார்ப்பாயை வெயில்ல விரிச்சு மூலைக்கு மூலை பார்த்தோம். ஒரு ஓட்டை கிடையாது. வடகிழக்குப் பருவமழை முழுசும் அடிச்சும் வண்டி மேல ஒரு சொட்டு மழை விழல. அப்படின்னா இவ்வளவு துரு எங்கிருந்து வந்துச்சு?

ஒர்க்‌ஷாப் அண்ணன் வந்து சுத்திப் பார்த்தார். இருபது வருஷமா அங்க இருக்கிற லேத் பெட்ல ஒரு புள்ளி துரு விழாம பார்த்துக்கிறவர். "நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கீங்க தம்பி. அது மூச்சு விட வழி வச்சீங்களா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்தக் கட்டுரை. பாஹா டீம்ல இல்லாதவங்களும் படிக்கலாம். லீவுக்கு ஹாஸ்டல் ஷெட்ல பைக்கை விட்டுட்டுப் போற எல்லாருக்கும் இதுல பாதி பொருந்தும்.

முதல் வருஷத்துக்கு ஒரு சின்ன அறிமுகம்

பாஹா என்பது மாணவர்களே வடிவமைத்து, வெல்டு செய்து, ஓட்டிக் காட்டும் ஒற்றை இருக்கை கரடுமுரடு வண்டி. இந்தப் போட்டி 1976-இல் அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவில் 2007 முதல் நடக்கிறது. களம் மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பீதம்பூர். வண்டியின் உயிர் அதன் ரோல் கேஜ், அதாவது ஓட்டுபவரைச் சுற்றி ஸ்டீல் டியூப்பால் கட்டிய கூண்டு. வண்டி உருண்டாலும் உள்ளே இருக்கிறவர் நசுங்காமல் காப்பது அதுதான். இதை மனசுல வச்சுக்கங்க, கட்டுரையோட நடுவுல தேவைப்படும்.

தண்ணி எங்கிருந்து வந்தது?

மூணு வழியா வந்திருக்கு. மூணுக்கும் நாங்கதான் கதவு திறந்து விட்டிருக்கோம்.

முதல் வழி மண். வண்டியை நேரா மண் தரையில நிறுத்தி, தார்ப்பாயை நாலு பக்கமும் தரை வரைக்கும் இழுத்து, ஓரத்துல செங்கல் வச்சோம். காத்து புகக் கூடாதாம்! பாலைவனத்துல தண்ணி எடுக்க ஒரு வழி சொல்லுவாங்க. குழி தோண்டி மேலே பாலிதீனை விரிச்சா, மண்ணுல இருக்கிற ஈரம் ஆவியாகி மேலே ஏறி, பாலிதீனோட அடிப்பக்கத்துல குளிர்ந்து சொட்டும். நாங்க கட்டினது அச்சு அசலா அதே அமைப்புதான். வித்தியாசம் என்னன்னா, சொட்டுற தண்ணியைப் பிடிக்க டம்ளருக்குப் பதிலா வண்டியை வச்சிருந்தோம்.

இரண்டாவது வழி காற்று. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 23 கிராம்தான் தாங்க முடியும். மிச்சம் 7 கிராம் எங்கேயாவது நீராகப் படிந்தே ஆக வேண்டும். முதலில் குளிர்கிற பொருளின் மேல் படியும். ராத்திரி திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தார்ப்பாய் காற்றை விட வேகமாகக் குளிர்வதால், அதன் அடிப்பக்கம் வியர்த்துக் கீழே சொட்டும். காலையில் கதை மாறும். வெயில் பட்டதும் உள்ளே காற்று சீக்கிரம் சூடாகும், மண்ணிலிருந்து ஈரமும் ஏறும். ஆனால் கனமான இன்ஜின் பிளாக்கும் டியூப்பும் இன்னும் ராத்திரிக் குளிரிலேயே இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணி பாட்டில் போல இப்போது அவை வியர்க்கும்.

எங்க தார்ப்பாய்க்குள்ள சுமார் 4 கன மீட்டர் இடம். கணக்குப் போட்டா ஒரு ராத்திரிக்கு 28 கிராம், ரெண்டு டேபிள் ஸ்பூன் அளவு. கம்மியாத்தான் தோணும். ஆனா மூடின கூடாரம், வெளியே போக வழி கிடையாது. மண்ணுல இருந்து தினமும் புது ஈரம் ஏறும். மழைக்காலம் மூணு மாசம் இது தினசரி நடந்தா எப்படி இருக்கும்னு நீங்களே பாருங்க.

மூன்றாவது வழியைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமா இருக்கு. பீதம்பூர்ல நாலு மணி நேர எண்டூரன்ஸ் ரேஸ் முடிச்சு வந்த வண்டி அது. உடம்பு முழுக்கச் சேறு. கழுவ வேணாம்டா, அந்தச் சேறுதான் நம்ம டிராஃபின்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். போட்டோ எல்லாம் எடுத்துட்டு அப்படியே போர்த்திட்டோம். மால்வா பீடபூமியோட கரிசல் மண் அது. கரிசல் தண்ணியை எப்படிப் பிடிச்சு வச்சுக்கும்னு சிவில் நண்பர்களைக் கேளுங்க. வத்தல் போட்ட மாதிரி வெளியே காய்ஞ்சு வெடிச்சிருக்கும், உள்ளே தொட்டா சில்லுன்னு இருக்கும். வண்டி மேல ஈரத் துணியைச் சுத்தி ஒன்பது மாசம் வச்ச மாதிரிதான்.

துரு எங்கே கடிக்கும்?

துரு பிடிக்க இரும்பு, தண்ணி, ஆக்சிஜன் மூணும் வேணும்னு பள்ளியிலேயே படிச்சாச்சு. அங்கே சொல்லாத ரெண்டு விஷயம் இருக்கு.

ஒன்று, மழை தேவையே இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் வேலையைத் தொடங்கிவிடும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கடல் காற்று கொண்டு வந்து போடும் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் காற்றிலிருந்து தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நம்ம கேம்பஸிலிருந்து கடல் நாலு கிலோமீட்டர்தான். மழைக்காலக் காலை எதை எடுத்தாலும் ஈரப்பதம் 75-க்கு மேலேதான் இருக்கும். மெஸ்ல உப்பு டப்பா கட்டி தட்டிப் போறதைப் பார்த்திருப்பீங்களே, அதேதான்.

இரண்டு, துரு எல்லா இடத்தையும் சமமாகக் கடிக்காது. சேறு படிந்த இடத்தின் அடியில் ஆக்சிஜன் குறைவு, சுற்றியுள்ள திறந்த இடத்தில் அதிகம். இந்த வித்தியாசமே ஒரு சின்ன பாட்டரியாக மாறும். ஆக்சிஜன் குறைந்த இடம் ஆனோடாகிக் கரையும். அதனால் வெளியே பார்க்க நல்லாத் தெரியும், சேற்றைச் சுரண்டினால் கீழே குழி விழுந்திருக்கும். முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் இதை இரண்டு மார்க் கேள்வியாக எழுதிவிட்டு மறந்துபோனோம்.

இப்போ கூண்டுக்கு வருவோம். எங்க டியூப் 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. தடிமன். துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு, மெட்டீரியல் டெஸ்டிங் லேப்ல இருக்கிற அல்ட்ராசோனிக் கேஜை வச்சு அளந்தோம். பெரும்பாலான இடம் பரவாயில்ல. சீட்டுக்கு அடியில சேறு தங்கின ரெண்டு இடத்துல மட்டும் 2.5-தான் காட்டுச்சு. அரை மில்லிதானேன்னு ஒருத்தன் சொன்னான். நாங்க உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சுற்றி வர அரை மில்லி போயிருந்தால் டியூப்பின் குறுக்குப் பரப்பு சுமார் 19 சதவீதம் குறையும். வளைவை எதிர்க்கும் ஏரியா மொமென்ட் ஆஃப் இனர்ஷியா சுமார் 23 சதவீதம் குறையும். 29.2 மி.மீ. விட்டமும் 1.65 மி.மீ. தடிமனும் கொண்ட மெல்லிய குரோமோலி டியூப்பாக இருந்திருந்தால் அதே அரை மில்லிக்கு 34 சதவீதம் போயிருக்கும். எடையைக் குறைக்க மெல்லிய டியூப்புக்கு மாறும் டீம்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

எங்களுக்கு சுற்றி வர போகல, ஒரு பக்கம் குழியாத்தான் போயிருந்தது. ஆனா குழியில தகைவு குவியும். அதுக்கு மேல, அது வெல்டுக்குப் பக்கத்துல இருந்தது. அந்தக் கூண்டுக்குள்ள ஒரு செகண்ட் இயர் பையனை உட்கார வச்சு "போய் உருட்டிப் பாருடா"ன்னு சொல்ல எங்க யாருக்கும் மனசு வரல. வண்டியை அன்னிக்கே ஓய்வுக்கு அனுப்பிட்டோம். ஓட்டிப் பழக வண்டி இல்லாமலே அந்த வருஷம் புது டிரைவர் போட்டிக்குப் போனான். ஒன்பது மாசம் முன்னாடி ஒரு மதியம் வேலை செய்யாததோட விலை அது.

போர்த்தாதீங்க, கூரை போடுங்க

இந்த விஷயத்துல ரொம்ப அனுபவம் உள்ளவங்க யார்னு தேடினப்போ, அமெரிக்காவோட மோட்டார் ஹோம்காரங்க வந்தாங்க. படுக்கை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் வச்ச வண்டி. கோடையில சுத்திட்டுக் குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைப்பாங்க. அங்கே முதல் எதிரி உறைபனி. தண்ணி உறைந்தால் கன அளவு சுமார் 9 சதவீதம் பெருகும். குழாயும் பம்பும் வெடிக்கும். அதனால் எல்லாத் தண்ணியையும் வடித்துவிட்டு, புரோப்பிலீன் கிளைகால் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களில் ஓட விடுவார்கள். அந்தப் பிரச்சினை நமக்கு இல்லை. ஆனால் மேலே போடும் உறை பற்றி அவர்கள் சொல்வது நமக்கும் அப்படியே பொருந்தும்: சாதாரண பிளாஸ்டிக் தார்ப்பாயால் வண்டியைச் சுற்றாதே. அது ஈரத்தை உள்ளேயே பூட்டும். காற்றில் படபடவென அடித்து பெயின்டைத் தேய்க்கும். மழையைத் தடுத்து நீராவியை வெளியே விடுகிற, மூச்சு விடும் துணி உறையைப் போடு, இல்லையென்றால் கூரைக்கு அடியில் நிறுத்து.

மூச்சு விடும் உறை வாங்க நம்மகிட்ட பட்ஜெட் கிடையாது. கூரை போடலாம். அதே பழைய தார்ப்பாய் போதும். நம்ம ஊர்ல வைக்கோல் போர் போடுறவங்களைப் பாருங்க. தரையில நேரா போட மாட்டாங்க. கல்லோ கட்டையோ அடுக்கி, அதுக்கு மேலதான் போர். அதே மூளைதான் இங்கேயும்.

முதலில் தரை. மண் தரையாக இருந்தால் ஒரு பாலிதீன் ஷீட்டை விரித்து மண்ணின் ஈரத்தை அங்கேயே அடக்குங்கள். அதற்கு மேல் பழைய மரப் பேலட்டோ செங்கல் வரிசையோ வையுங்கள். தண்ணீர் தேங்காத மேடான இடமாகப் பாருங்கள். எங்க பழைய இடம் ஒர்க்‌ஷாப் கூரைத் தண்ணி வந்து விழுகிற பள்ளம். அதைக் கூட யாரும் கவனிக்கல.

அடுத்து கூரை. நாலு பைப்பை நட்டு, நடுவில் உயரமாக ஒரு கயிறோ குழாயோ கட்டி, தார்ப்பாயை இரண்டு பக்கமும் சரிவாக இறக்குங்கள். வண்டியின் உச்சிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் குறைந்தது ஒரு அடி இடைவெளி வேண்டும். பக்கவாட்டில் தரையிலிருந்து ஒரு அடி திறந்தே இருக்கட்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனால் உள்ளே ஈரம் சேராது. சரிவு முக்கியம். தட்டையாகக் கட்டினால் நடுவில் குளம் கட்டும். ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தண்ணி நின்றால் அதுவே 100 கிலோ. கயிற்றோடு பழைய சைக்கிள் டியூப்பைச் சேர்த்துக் கட்டினால் காற்றடிக்கும்போது இழுபட்டுத் திரும்பும், தார்ப்பாயின் கண் கிழியாது.

கூரைக்கு அடியில் போவதற்கு முன்

வண்டியை நல்லா கழுவுங்க. டிராஃபி வேணும்னா ஒரு டப்பாவுல கொஞ்சம் சேறு எடுத்து வச்சுக்கங்க. பேரிங், ராட் எண்டு பக்கம் பிரஷர் வாஷரை நேரா காட்டாதீங்க, தண்ணி கிரீஸைத் தள்ளிட்டு உள்ளே போயிடும். கழுவினதும் கம்ப்ரஸர் காத்து அடிச்சு, அரை நாள் வெயில்ல விடுங்க.

பெயின்ட் பெயர்ந்த இடங்களை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் போடுங்கள். டியூப்பில் போல்ட் துளையோ திறந்த முனையோ இருந்தால் உள்ளே காற்றடித்து நன்கு உலர்த்திய பிறகு எம்-சீல் வைத்து அடையுங்கள். உள்ளே ஈரத்தோடு அடைத்தால் மறுபடியும் தார்ப்பாய்க் கதைதான். அந்த 2.5 மி.மீ. இடங்களில் ஒன்றில் துரு உள்பக்கமும் இருந்ததை, டியூப்பை அறுத்த பிறகுதான் பார்த்தோம்.

பெயின்ட் இல்லாத ஸ்டீல் பாகங்களுக்கு எண்ணெய். இங்கே ஒரு தவறான நம்பிக்கை இருக்கு: டபிள்யூ.டி.-40 அடிச்சா போதும்னு. அந்தப் பெயரின் அர்த்தமே தண்ணீரை வெளியேற்றுவது என்பதுதான். 1953-இல் அட்லஸ் ஏவுகணையின் வெளிப்பரப்பைத் துருவிலிருந்து காக்க உருவானது. நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் 40. இடுக்கில் இருக்கும் தண்ணியைத் தள்ள அது அருமையானது. ஆனால் அது விட்டுப்போகும் படலம் மெல்லியது, ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. முதலில் அதை அடித்துத் துடையுங்கள், அதற்கு மேல் கிரீஸோ கெட்டியான எண்ணெயோ தடவுங்கள். லேத் பெட்டுக்குப் போடுற ஸ்லைடுவே ஆயிலை ஒர்க்‌ஷாப் அண்ணன்கிட்ட கேட்டா ஒரு கப் கொடுப்பார்.

எங்கே எண்ணெய் படக் கூடாது?

எல்லா இடத்துலயும் எண்ணெய் அடிச்சிட்டா நிம்மதின்னு நினைக்காதீங்க. பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளி படக் கூடாது. சி.வி.டி.யின் புல்லி முகங்களிலும் படக் கூடாது. அங்கே பெல்ட் உராய்வை நம்பித்தான் ஓடுகிறது. எண்ணெய் பட்டால் வழுக்கும், வழுக்கினால் பெல்ட் எரியும். பெல்ட்டைக் கழற்றி உலர்ந்த கவரில் போட்டு லேபுக்குள் வையுங்கள். புல்லியைத் துடைத்து உலர வைத்து, மூடியைப் போட்டு, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். சிலிக்கா ஜெல் மூடிய சின்ன இடத்தில்தான் வேலை செய்யும். திறந்த ஷெட்டில் பத்துப் பொட்டலம் தொங்கவிட்டாலும் பயன் இல்லை.

பெட்ரோலும் இன்ஜினும்

எங்க வண்டியில இருந்தது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனோட 305 சி.சி. கார்புரேட்டர் இன்ஜின். டேங்க்ல அரை லிட்டர் பெட்ரோல் விட்டுட்டுப் போயிருந்தோம். ஒன்பது மாசம் கழிச்சு அது பெட்ரோலாவே இல்ல. கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தா அடியில பசை மாதிரி பழுப்பு நிறம், பக்கத்துல வெள்ளைப் பொடி.

காரணம் இரண்டு. பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகி ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணியும் எத்தனாலும் கூட்டணி சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். அங்கேதான் அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

செய்ய வேண்டியது எளிது. டேங்கை முழுசா வடியுங்க. திறந்த வெளியில, வெல்டிங் நடக்காத நேரத்துல, தீயணைப்பானைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மிச்சம் தீர்ந்து தானே நிற்கும் வரை ஓட விடுங்கள். கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் திறந்து கடைசிச் சொட்டையும் வடியுங்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும்; அதோடு நிறுத்தினால் பேரிங்கை உள்ளிருந்து அரிக்கும். இன்ஜின் ஆறினதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, துளை மேல் துணி போட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தரம் இழுங்கள். சிலிண்டர் சுவரெல்லாம் எண்ணெய் பரவும். பிளக்கைத் திரும்ப மாட்டி, கயிறு கனமாகும் இடத்தில் நிறுத்துங்கள். அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். இரண்டு வால்வும் மூடியிருப்பதால் ஈரக் காற்று உள்ளே போகாது. எங்க பிஸ்டன் ரிங் சுவரோட ஒட்டிப்போனது இந்த ஒரு டீஸ்பூன் எண்ணெய் இல்லாமத்தான்.

ஏர் ஃபில்டர் வாயையும் சைலன்சர் வாயையும் துணியால் அடைத்து, ஒரு நீளமான சிவப்பு ரிப்பனைக் கட்டித் தொங்கவிடுங்கள். துணி அணிலுக்கும் குளவிக்கும். ரிப்பன் எடுக்க மறந்து ஸ்டார்ட் பண்ணப்போற நம்ம ஜூனியருக்கு.

இன்னொரு பழக்கமும் இருக்கு. மாசம் ஒரு தரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும் மச்சான்னு பைக் வச்சிருக்கிற எல்லாரும் சொல்லுவாங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும். முழுசா சூடான இன்ஜினில் அது நீராவியாக வெளியே போகும். அஞ்சு நிமிஷத்தில் சைலன்சரும் ஆயிலும் அந்தச் சூட்டுக்கு வராது. தண்ணி உள்ளேயே தங்கும். ஒன்று, அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.

மிச்சம் மீதி

டயர்: செங்கல் மேலயோ ஸ்டாண்டு மேலயோ கூண்டைத் தாங்க வச்சு, சக்கரம் தரையைத் தொடாம விடுங்க. டயர் ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் மேற்பரப்புக்கு வந்து ஓசோனிலிருந்து காக்கும். நிற்கும் டயருக்கு அந்தக் காவல் குறைவு, அதனால் வெயில் படாமல் மூடி வையுங்கள்.

பாட்டரி: கழற்றி லேபுக்குள்ள. முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்டும் லெட்-ஆசிட் பாட்டரி 12.4-க்குக் கீழே இறங்கினால் மறுபடி சார்ஜ் போடுங்கள். காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகி, பிறகு சார்ஜே ஏறாது.

பிரேக் ஆயில்: இதுவும் ஈரம் குடிக்கும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்ததும் அந்த வரம்பு 140-க்கு வந்துவிடும். நிறுத்தும்போது மாற்றத் தேவையில்லை, திரும்ப எடுக்கும்போது கட்டாயம் மாற்றுங்கள்.

சீட் பெல்ட்: வெயிலும் பூஞ்சையும் நாடாவை வலுவிழக்கச் செய்யும். கழற்றி அலமாரியில வைங்க.

தேங்கும் தண்ணி: சீட், டயர், தார்ப்பாய் மடிப்பு எதுலயும் தண்ணி நிக்கக் கூடாது. துருவுக்காக மட்டும் இல்ல, டெங்கு கொசு அங்கேதான் முட்டை போடும்.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் விட்டோம்?

உண்மையைச் சொன்னா, இதுல எதுவுமே புதுசு இல்ல. பனிநிலை தெர்மல்ல வந்தது, துரு கெமிஸ்ட்ரியில வந்தது, வளைவு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல வந்தது. ஆனா ஏப்ரல்ல போட்டி முடிஞ்சு வந்த களைப்பு. ஃபைனல் இயர் அண்ணன்களுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ, ஃபேர்வெல். எங்களுக்கு இன்டர்னல்ஸ். வண்டி யார் பொறுப்புன்னு யாரும் யாரையும் கேட்கல. கட்டுறதுக்கு ஒரு வருஷம் ஒதுக்கின நாங்க, நிறுத்துறதுக்கு ஒரு மதியம் ஒதுக்கல.

இந்த வருஷம் ஒரு விதி போட்டிருக்கோம். போட்டியிலிருந்து வண்டி கேம்பஸுக்குள்ள வந்த ஏழு நாளுக்குள்ள நிறுத்தும் வேலை முடியணும். அதுவரைக்கும் பார்ட்டி கிடையாது. ஒரு நோட்டுல என்ன செஞ்சோம், எந்தத் துளையில துணி இருக்கு, ஆயில் எப்போ மாத்தினோம்னு எழுதி, கழற்றின சாமான்களோட லிஸ்ட்டும் வச்சு, செகண்ட் இயர் பசங்ககிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்தாச்சு. மாசத்துல ஒரு ஞாயிறு ரெண்டு பேர் போய் ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பி, சக்கரத்தைச் சுத்தி, தார்ப்பாய்க் கயிற்றைப் பார்த்துட்டு வரணும். பதினஞ்சு நிமிஷ வேலை.

போன வாரம் கடல் காத்தோட நல்ல மழை. மறுநாள் காலையில நானும் ஒரு ஜூனியரும் போய்ப் பார்த்தோம். தார்ப்பாயோட அடிப்பக்கம் காய்ஞ்சிருந்தது. கூண்டு மேல விரலை வச்சு இழுத்தா எண்ணெய்தான் வந்துச்சு, தண்ணி வரல. அங்கே வந்த ஒர்க்‌ஷாப் அண்ணன் குனிஞ்சு, அந்த ஒரு அடி இடைவெளியில கையை விட்டுக் காத்து வருதான்னு பார்த்தார். "வருது தம்பி"ன்னார். ஜூனியர் நோட்டுல தேதியைப் போட்டு அதையும் எழுதிக்கிட்டான்.